காய்ந்த அரளி

ஜெயபாரதி கை வைத்தால் செடி பிழைக்காது என்பது எங்கள் தெருவில் வெகுநாள் கேலியாக இருந்தது. அவர் அதை மறுத்ததும் இல்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் அவருக்கு வேலை. காலையில் பஸ் ஏறினால் திரும்பி வந்து இறங்கும்போது இருட்டியிருக்கும். நாள் முழுக்க நின்றபடியே புடவையை உதறிக் காட்டி, மறுபடி மடித்து வைத்துவிட்டு வருகிறவருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெம்பு இருக்காது. கணவர் குணசேகரன் குவைத்தில் கிரேன் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து போவார். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஆக, வீட்டில் அவர் ஒருவர்தான்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. தெருக் கோடியில், வயலைப் பார்த்தபடி அவர்கள் கட்டிய வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. அதனால் ஊர் ஆடுகள் எல்லாம் அங்கே விருந்துக்குப் போய் வந்தன. செம்பருத்தி வைத்தார், குச்சி மட்டும் மிஞ்சியது. ரோஜாத் தொட்டிகள் வாங்கினார், சித்திரை வெயிலில் அவை கருகின. மல்லிகைக்குப் பந்தல்கூடப் போட்டார். அந்த வருடம் ஐப்பசி மழையில் வாசலில் பத்து நாள் தண்ணீர் நின்று, வேர் அழுகிப் போயிற்று.

ஒருமுறை தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மண்டபத்துக்கு வெளியே பைபாஸ் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாலையின் நடுவே வரிசையாகச் செவ்வரளி. லாரிப் புகை, தார்ச் சூடு, யாரும் தண்ணீர் ஊற்றுவதுமில்லை. ஆனாலும் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. ஆட்கள் அன்றைக்கு அதைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயபாரதி பட்டுப்புடவையோடு சாலையைக் கடந்து போய் அவர்களிடம் கேட்டு வாங்கி வந்தார். ஒரு கையில் தாம்பூலப் பை, மறுகையில் ஒரு கட்டு அரளிக் குச்சி. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்களாம்.

அடுத்த வீட்டு அகிலாண்டத்துக்கு அது பிடிக்கவில்லை. அகிலாண்டம் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவர். கணவர் இறந்து பல வருடம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஜெயபாரதியைவிடப் பத்து வயது மூத்தவர், மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுவார்.

"வேற செடியே கெடைக்கலையா ஒனக்கு? போயும் போயும் வெஷ அரளியையா வீட்டச் சுத்தி வப்பாங்க?"

"அதனாலதான்க்கா வைக்கிறேன். ஆடு மாடு எதுவும் வாயே வைக்காது. தண்ணியும் கேக்காது. நான் கடைக்குப் போயிட்டா யாரு பாக்குறது?"

"என்னமோ செய்யி" என்று அகிலாண்டம் போய்விட்டார்.

மழைக்காலத்தில் ஊன்றிய குச்சிகளில் பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டன. ஜெயபாரதியால் நம்பவே முடியவில்லை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு துளிரையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவார். ஆடுகள் வந்தன, முகர்ந்தன, தும்மிவிட்டுப் போயின. இரண்டாம் வருடத்தில் செடி ஆள் உயரம் வந்து, பச்சைச் சுவர்போல் வீட்டை மறைத்தது. கோடையிலும் பூ, மழையிலும் பூ. செவ்வாய், வெள்ளியில் அம்மன் கோயிலுக்கு மாலை கட்டுகிறவர்கள் கூடையோடு வந்து பறித்துக்கொண்டு போனார்கள். 'அரளி வீடு' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. கைராசி இல்லாதவர் என்று பேர் வாங்கியிருந்த ஜெயபாரதிக்கு அந்தப் பேர் எவ்வளவு சந்தோஷம் தந்தது என்பதை அவர் முகமே சொல்லும்.

அந்த வருடம் தை மாதம் குணசேகரன் விடுப்பில் வந்திருந்தார். செடி தெருப்பக்கம் சாய்ந்து வண்டி போக இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ சொன்னதால், ஒரு நாள் பகலில், மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், அரிவாளை எடுத்து வரிசை முழுவதையும் மார்பளவுக்கு வெட்டிவிட்டார். வெட்டிய கிளைகளைத் தெரு ஓரத்தில் குவித்து வைத்தார். காய்ந்ததும் கொளுத்திவிடலாம் என்று எண்ணம். மாலையில் வந்து பார்த்த ஜெயபாரதி, "நல்லா முடிவெட்டி விட்ட மாதிரி இருக்குங்க" என்று சிரித்தார். ஒரு வாரம் நல்ல வெயில். குவியல் சாம்பல் பச்சையாகச் சுருண்டு காய்ந்தது. கொளுத்த வேண்டும் என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று.

அது சம்பா அறுவடை முடிந்த நேரம். அகிலாண்டம் மாடுகளுக்காக வாங்கிய வைக்கோலை ஒரு டிராக்டர் கொண்டுவந்து இறக்கியது. திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸில் வந்த டிரெய்லரின் சக்கரம் அரளிக் குவியல் மேல் ஏறி அதைத் தெருவெங்கும் சிதறடித்தது. வைக்கோலில் ஈரம் இருந்ததால் அகிலாண்டம் அதை அதே இடத்தில் பிரித்துப் போட்டுக் காயவைத்தார். சாயங்காலம் கைக்கு வந்ததை வாரி அணைத்துக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டார். இதெல்லாம் நாங்கள் பிறகு ஒன்றோடொன்று சேர்த்துப் புரிந்துகொண்டது. அன்றைக்குப் பார்த்தவர்கள் யாருக்கும் அதில் பிசகாக எதுவும் தெரியவில்லை. வைக்கோல் காய்வதும் அதை வாரிப் போவதும் அந்த மாதத்தில் எல்லாத் தெருவிலும் நடப்பதுதானே.

மறுநாள் காலை ஜெயபாரதி பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது அகிலாண்டத்தின் குரல் கேட்டது. அழுகையும் கூப்பாடும் கலந்த குரல். கைப்பையோடு அப்படியே கொட்டகைக்கு ஓடினார்.

செவலை மாடு தரையில் படுத்துக் கிடந்தது. கன்றுக்குட்டியிலிருந்தே அகிலாண்டம் கையில் வளர்ந்த மாடு அது. பல்லை நறநறவென்று கடித்தது. எழ முயன்று முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பக்கத்தில் நின்ற கறுப்பு மாடும் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. கால்நடை டாக்டர் ஹபீப் முகம்மது அய்யம்பேட்டையிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்து, அப்போதுதான் செவலையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கேட்டார். அவர் முகம் மாறியது.

"நாலு துடிப்பு ஓடுது, நின்னுடுது, மறுபடி துள்ளுது. இது சாதாரண வயித்துக் கோளாறு இல்லம்மா. என்ன போட்டீங்க நேத்து?"

"வைக்கோல்தாங்க டாக்டர். எப்பவும் போடுறதுதான்."

டாக்டர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். "பக்கத்துல எங்கயாவது அரளி இருக்கா?"

கூடியிருந்தவர்கள் ஜெயபாரதியைப் பார்த்தார்கள். அவருக்குப் பதற்றமே இல்லை. இவ்வளவு நாள் கண்ணால் பார்த்து வந்த விஷயம் அல்லவா. "எங்க வீட்டுல இருக்கு டாக்டர். ஆனா மாடு அதுல வாயே வைக்காது. ரெண்டு வருஷமா பாக்குறேன். ஆடுகூடத் தொடாது."

"பச்சையா இருந்தா தொடாதும்மா, கசக்கும். வாடிக் காஞ்சுட்டா கசப்புக் கொறஞ்சு போயிடும். மாட்டுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா விஷம் அப்படியேதான் இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையில் தன் உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போனதுபோல் இருந்தது என்று ஜெயபாரதி பிறகு என்னிடம் சொன்னார். காய்ந்த குவியல். டிராக்டர். தெருவில் பரப்பிய வைக்கோல். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்முன் வந்து நின்றன. யாரும் சொல்லாமலே நடந்து போய், மாட்டின் முன் மிச்சமிருந்த வைக்கோலுக்குள் கையை விட்டார். துழாவினார். விரலில் நீளமாக, விறைப்பாக ஒன்று தட்டியது. வெளியே எடுத்தார். சுருண்டு காய்ந்த அரளி இலை. மறுபடி கையை விட்டார். இன்னும் இரண்டு. அடியில் இலையோடு ஒரு சின்னக் கிளை.

அந்த நேரம் எல்லோரும் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இலையை அவர் கைக்குள்ளேயே மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் மூடவில்லை.

"டாக்டர், இதுல இருக்கு. எங்க வீட்டு அரளிதான். நாங்க வெட்டிப் போட்டது."

அகிலாண்டம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. சொன்னது காதில் விழுந்து, உள்ளே இறங்காமல் நிற்பவரின் பார்வை.

டாக்டர் அதற்கப்புறம் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. இருந்த வைக்கோலை எல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார். கறுப்பு மாட்டைப் பிடித்துக் கட்டி, கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார், ஊசி போட்டார். ஜெயபாரதி தன் கடைச் சீருடைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டார். கரித்தண்ணீர் மேலெல்லாம் வழிந்தது. செவலைக்கும் அதே மருந்து கொடுத்தார்கள். ஆனால் ஊசியைப் பிடுங்கும்போதே அதன் கண் நிலைகுத்திவிட்டது. ஒருமுறை நான்கு காலையும் உதைத்தது. பிறகு அசையவில்லை.

அகிலாண்டம் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக் கிடந்தார். அழுகை வரவில்லை அவருக்கு. அப்போதுதான் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, காலையில பால் கறந்தீங்களா?"

அகிலாண்டம் தலையை நிமிர்த்தினார். "கறந்தேங்க. கொஞ்சம் கொறச்சலாத்தான் இருந்துச்சு."

"அந்தப் பால் எங்க இருக்கு?"

"ஊத்தியாச்சே. நாலு வீட்டுக்கும் ஊத்தியாச்சே!"

அந்த நாலு வீட்டில் எங்கள் வீடும் ஒன்று. நான் அப்போது கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம். பார்த்தால் ஜெயபாரதி. முகம், கை, புடவை எல்லாம் கரி. தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. "அக்கா வீட்டுப் பால் குடிச்சீங்களா? குடிக்காதீங்க! கொட்டிடுங்க! குடிக்காதீங்க!" என்று கத்துகிறார். அடுப்பில் பால் பொங்கும் நிலையில் இருந்தது. என் மனைவி இடுக்கியோடு திகைத்து நின்றாள். ஜெயபாரதி உள்ளே வந்து, அந்தக் கொதிக்கும் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினார். என்ன நடந்தது என்று எங்களுக்கு விளங்கவே வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நல்லவேளை, குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் பால் புட்டி அப்படியே மேசைமேல் இருந்தது. ஜெயபாரதி அந்தப் புட்டியையும் எடுத்துச் சாக்கடையில் கொட்டினாராம். மூன்றாவது வீட்டில் பெரியவர் இரண்டு டம்ளர் காபி குடித்து முடித்திருந்தார். நாலாவது, ஜெயபாரதியின் சொந்த வீடு. அங்கே குணசேகரன் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சமாக் குடிச்சதுல ஒண்ணும் ஆகாமலே போகலாம். ஆனா பாக்காம விட முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியவரையும் குணசேகரனையும் ஒரே காரில் ஏற்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சிலும் கையிலும் ஒயர்களை ஒட்டி, அன்று முழுவதும் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குணசேகரன் கட்டிலில் படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டுனது நான். கொளுத்த மறந்ததும் நான்" என்று இரண்டு தடவை சொன்னார். பக்கத்தில் நின்ற ஜெயபாரதி, "கொண்டுவந்து வச்சது யாரு?" என்று மட்டும் கேட்டார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

வீடு திரும்பியதும் குணசேகரன் முதல் வேலையாக ஜேசிபி வரவழைத்தார். எரிக்கக் கூடாது, புகையும் ஆபத்து, ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செடியை எல்லாம் பெயர்த்துக் குழியில் தள்ளினார்கள். வெட்டிய கிளையிலும் பூ இருந்தது. ஜெயபாரதி பின்வாசலில் நின்று பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார். கொஞ்ச தூரத்தில் செவலையைப் புதைத்த மண் இன்னும் ஈரமாக இருந்தது.

கறுப்பு மாடு நாலைந்து நாள் தீவனம் தொடாமல் கிடந்து, மெதுவாக எழுந்துவிட்டது. ஜெயபாரதி இலையைக் கண்டதும் சொன்னதால்தான் அதையாவது காப்பாற்ற முடிந்தது என்று டாக்டர் எல்லோர் எதிரிலும் சொன்னார். அகிலாண்டம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஜெயபாரதியோடு பேச்சே இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். குணசேகரன் பயணத்தைத் தள்ளிப்போட்டு, ஒரத்தநாட்டுப் பக்கம் அலைந்து ஒரு நல்ல கறவை மாட்டைப் பிடித்து வந்து கொட்டகையில் கட்டினார். அகிலாண்டம் அதை அவிழ்த்து, அவர்கள் வாசல் கம்பத்திலேயே கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். மறுபடி இவர் கொண்டுபோய்க் கட்டினார். இப்படி இருமுறை நடந்தது. மூன்றாம் முறை ஜெயபாரதியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றார்.

"அக்கா, எனக்காக வேண்டாம். இதுக்குக் கறக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். எங்க வீட்டுல மடி கட்டிக் கத்துது."

அகிலாண்டம் மாட்டின் மடியைப் பார்த்தார். பால் கட்டிப் புடைத்திருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு வந்து குந்தினார். கறந்து முடித்து எழுந்தபின் சொன்னார்.

"மாட்டக் கட்டிட்டதால எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காத."

"நெனைக்கலக்கா."

"என் செவலை மொகம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது."

"எனக்கும்."

அதோடு முடிந்தது அன்றைய பேச்சு. அதற்குப் பிறகும் பல மாதம் பேச்சில்லை.

குணசேகரன் குவைத்துக்குப் போய்விட்டார். ஜெயபாரதிக்கு ஒரு புதிய வேலை வந்து சேர்ந்தது. ஜேசிபி பெயர்த்தாலும் மண்ணுக்குள் அங்கங்கே வேர் மிஞ்சியிருந்தது. முதல் மழைக்கே அரளி மறுபடி துளிர்த்தது. பராமரிப்பே வேண்டாம் என்று கொண்டுவந்த செடி இப்போது அவரை விடவில்லை. கடைக்கு விடுமுறை கிடைக்கும் ஒவ்வொரு நாளும் கடப்பாரையோடு அந்த வரிசை நெடுகக் குந்தி, வேரைத் தேடித் தேடித் தோண்டினார். ஒரு துளிர்கூட விடாமல் பொறுக்கிக் கோணியில் கட்டிக் குழியில் போட்டு மண் தள்ளினார். கையில் காய்ப்புக் காய்த்தது. புடவை விரிக்கும்போது நூல் மாட்டுகிறது என்று கடையில் திட்டு வாங்கினாராம். ஒருநாள் என் மனைவி, "ஆள் வச்சுச் செய்யேன் பாரதி" என்றாள். "ஆளு ஒண்ணு ரெண்டு விட்டுடுவாங்க. எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

தோண்டிச் சுத்தமான இடத்தில் இட்லிப்பூச் செடி வைத்தார். ஆடு மாடு தின்றாலும் ஆபத்தில்லை என்று டாக்டரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டார். அது மெதுவாகத்தான் வளரும். ஆடு கடிக்காமலிருக்க மூங்கில் தட்டி கட்டினார். வெயில் நாளில் கடையிலிருந்து வந்த களைப்போடு குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றினார். செடி முழங்கால் உயரம் வரவே ஒரு வருடம் பிடித்தது. இப்போது சிவப்பாக ஒன்றிரண்டு கொத்து பூக்கிறது.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்து ஓய்ந்த காலை. ஜெயபாரதி வழக்கம்போலக் குந்தித் தோண்டிக்கொண்டிருந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் 'ணங்' என்று சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அகிலாண்டம் தன் பக்கத்து மண்ணில் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார்.

"இங்க ரெண்டு மொளச்சிருக்கு. நீ பாக்கல" என்றார், தலையைத் தூக்காமலே.

"கண்ணுல படலக்கா."

"வேரு ஒரு மொழம் போயிருக்கு பாரு, பாவி."

இருவரும் அவரவர் பக்கத்தில் தோண்டினார்கள். பிடுங்கிய வேரை அகிலாண்டம் தட்டிக்கு மேலாக நீட்டினார். ஜெயபாரதி வாங்கிக் கோணியில் போட்டுக் கட்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அகிலாண்டம் நிமிர்ந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே,

"வர்ற புதங்கெழம லீவு போட முடியுமா ஒனக்கு?" என்று கேட்டார். "திருப்பூர்ல இருக்கானே எம் புள்ள, அவனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். மயிலாடுதுறைப் பக்கம். அண்ணி, நாத்தனாருன்னு எனக்கு யாரு இருக்கா? புடவை, துணி நல்லது கெட்டது பாத்துச் சொல்ற ஆளு ஒருத்தி கூட வேணும்."

ஜெயபாரதி கட்டிய கோணியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"என்னடி, வர்றியா, இல்லையா?"

"வர்றேன்க்கா."

"வேன் சொல்லியிருக்கு. விடிஞ்சதும் கெளம்பிடணும். நீ பாட்டுக்குப் புடவைக்குப் பின்னு குத்திக்கிட்டு நிக்காத."